'பிஹோல்ட்': கண்ணால் பிடித்து வைக்கும் ஒரு பழைய வினைச்சொல்

கேள்வி இது: "ஆங்கில பைபிளிலும் பழைய கவிதைகளிலும் 'பிஹோல்ட்' என்று அடிக்கடி வருகிறது. அகராதியில் 'பார்' என்று போட்டிருக்கிறது. ஆனால் அதற்குள் 'ஹோல்ட்', அதாவது 'பிடி' இருக்கிறதே? பிடிப்பதற்கும் பார்ப்பதற்கும் என்ன சம்பந்தம்? 'பிஹோல்டன்' என்றால் கடமைப்பட்டவர் என்கிறார்கள், அதுவும் இதே சொல்தானா? 'சீ', 'லுக்' எல்லாம் இருக்கும்போது இதை எங்கே பயன்படுத்துவது?"

சம்பந்தம் இருக்கிறது. உள்ளே இருப்பது அதே 'ஹோல்ட்'தான். 'பிஹோல்டன்' என்பதும் இதே வினையிலிருந்து உதிர்ந்த ஒரு பழைய வடிவம். ஆனால் பிடிப்பதிலிருந்து பார்ப்பதற்கு ஒரே தாவாகத் தாவினால் குழப்பம்தான் மிஞ்சும். நடுவே ஒரு படி இருக்கிறது: காவல். ஒன்றைக் கைவிடாமல் வைத்திருக்கிறோம், வைத்திருப்பதைக் காக்கிறோம், காப்பதற்காக அதன்மேல் கண் வைக்கிறோம், நாளடைவில் கண் வைப்பது மட்டும் பொருளாகத் தங்கிவிடுகிறது.

முதலில் சொல்லைப் பிரித்துவிடலாம். முன்னால் நிற்கும் 'பி', 'அருகே, சுற்றி' என்று பொருள்படும் 'பை' என்ற சொல்லின் அழுத்தம் குறைந்த உருவம். பழைய ஆங்கிலத்தில் இது ஏராளமான வினைகளோடு ஒட்டிக்கொண்டது. சில இடங்களில் 'சுற்றிலும்' என்ற பொருளைத் தரும்: 'பிசெட்' என்றால் சூழ்ந்துகொள். சில இடங்களில் 'முழுக்க' என்ற அழுத்தம் தரும்: 'பிஸ்பேட்டர்' என்றால் மேலெல்லாம் தெறிக்க அடி. இன்னும் சில இடங்களில், செயப்படுபொருள் இல்லாத வினைக்கு அதை வாங்கித் தரும்: 'மோன்' என்றால் புலம்பு, 'பிமோன்' என்றால் ஒன்றைக் குறித்துப் புலம்பு. ஆக, 'பிஹோல்ட்' என்பதன் எலும்புக்கூடு 'அருகிலிருந்து முழுமையாகப் பிடித்து வைத்திரு' என்பதுதான்.

'ஹோல்ட்' என்பதற்குள்ளேயே ஒரு ஆச்சரியம் இருக்கிறது. ஆங்கிலமும் அடங்கிய ஜெர்மானிய மொழிக் குடும்பத்தில் நீண்ட உரைநடை கிடைக்கும் மிகப் பழைய மொழி கோதிக். 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற பிஷப் அதில் பைபிளை மொழிபெயர்த்தார். அதன் புகழ்பெற்ற படி ஒன்று, ஊதாச் சாயம் ஏற்றிய தோலில் வெள்ளி, தங்க மையால் எழுதப்பட்டது, சுவீடனில் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதில் லூக்கா 15:15, ஊதாரி மகன் பஞ்சம் பிழைக்கப் போன இடத்தில் வேலைக்கு அமர்த்தப்படும் வரி. தமிழ் பைபிளில் 'பன்றிகளை மேய்க்கும்படி அனுப்பினான்' என்று வருகிற இடத்தில் கோதிக்கில் 'ஹல்டன் ஸ்வீனா' என்று இருக்கிறது. 'ஹல்டன்' என்பது நம் 'ஹோல்ட்'டின் உடன்பிறப்பு. அங்கே அதன் பொருள் 'மேய்'.

பன்றியை யாரும் கையால் பிடித்துக்கொண்டு மேய்ப்பதில்லை. மேய்ப்பவன் ஒரு மேட்டில் நின்று, எது வரப்பைத் தாண்டுகிறது, எது கூட்டத்தை விட்டு விலகுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறான். மந்தை அவன் பிடியில் இருக்கிறது என்றால் அந்தப் பிடி கண்ணில் இருக்கிறது. எனவே 'பிடி' என்ற சொல்லுக்குள் 'பார்' எப்படி நுழைந்தது என்று கேட்பதைவிட, காவல் காக்கும் பார்வை அதற்குள் தொடக்கம் முதலே இருந்தது என்பதே சரி. ஜெர்மானிய மொழிகள் பலவற்றில் இந்தக் கண் கழன்று, கை மட்டும் மிஞ்சியது. ஆங்கிலத்தின் 'பிஹோல்ட்' மட்டும் கண்ணை வைத்துக்கொண்டு கையை விட்டுவிட்டது.

பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் மேற்குச் சாக்சன் கிளைமொழியில் 'பெஹெயால்டன்', ஆங்கிலியக் கிளைமொழியில் 'பிஹால்டன்'. இரண்டு பொருளும் அப்போது அருகருகே வாழ்ந்தன. இதைப் பார்க்க 'பேயோவுல்ஃப்' காவியமே போதும். கி.பி. 1000ஐ ஒட்டிய ஒரே ஒரு கையெழுத்துப் படியில் தப்பிப் பிழைத்தது அது. 1731 தீ விபத்தில் ஓரம் கருகி, இப்போது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 494ஆம் அடியில் விருந்து நடக்கிறது. ஒரு சேவகன் அலங்கரித்த மதுக்கலத்தைக் கையில் ஏந்தி வந்து ஊற்றுகிறான். அவன் தன் பணியை 'பெஹேயோல்ட்' என்கிறார் கவிஞர். பணியைக் கவனித்தான், கடமையைக் காத்தான் என்று பொருள். 736ஆம் அடிக்கு வாருங்கள். இரவு. கிரெண்டல் என்ற அரக்கன் மண்டபத்துக்குள் புகுந்துவிட்டான். நாயகன் படுத்தபடியே, அந்தக் கொடியவன் எப்படிப் பாயப்போகிறான் என்று 'பெஹேயோல்ட்'. இங்கே அது 'பார்த்தான்'. அதே சொல், அதே இறந்தகால வடிவம், நடுவில் 242 அடி இடைவெளி.

இரண்டாவது இடத்தின் தன்மையைக் கவனியுங்கள். அது தற்செயலாகக் கண்ணில் படுவது இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, கண் இமைக்காமல், தருணத்துக்காகக் காத்துப் பார்ப்பது. காவலின் வாசனை அந்தப் பார்வையை விட்டுப் போகவில்லை.

இன்னொரு சான்று கல்லில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் தெற்கே ரத்வெல் என்ற ஊர்த் தேவாலயத்தில் ஒரு பெரிய கற்சிலுவை நிற்கிறது. பொதுவாக 8ஆம் நூற்றாண்டு என்பார்கள். அதன் பக்கங்களில் ரூன் என்ற பழைய ஜெர்மானிய எழுத்துகளில் ஒரு கவிதை செதுக்கப்பட்டிருக்கிறது. இத்தாலியின் வெர்செல்லி நகரில் இருக்கும் 10ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துச் சுவடியில் இதே கவிதை நீண்ட வடிவில் இருக்கிறது. ஒருவன் காணும் கனவில் பேசுவது சிலுவை மரமே. தன்மேல் நடந்த எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, 'இச் தட் அல் பிஹெயால்ட்' என்கிறது: 'அதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.' ஏந்திக்கொண்டிருந்த மரமே பார்த்துக்கொண்டும் இருந்தது என்பதால் இந்த வினை அங்கே இரட்டைப் பாரம் சுமக்கிறது. வெர்செல்லிச் சுவடியில், கனவு காண்பவன் சிலுவையைப் பார்த்த இடத்திலும் இதே வினை. கூடவே 'நீண்ட நேரம்' என்ற சொற்கள். சட்டென்று பார்த்துவிட்டுப் போவதற்கு இந்த வினை உதவாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

உறவு மொழிகள் என்ன செய்தன? ஜெர்மன் மொழியில் 'பெஹால்ட்டன்' என்றால் இன்றைக்கும் 'வைத்துக்கொள்'. டச்சில் 'பெஹவ்டன்' என்றால் 'தக்கவைத்துக்கொள்'. 'பார்' என்ற பொருள் ஆங்கிலத்தில்தான் முளைத்தது. ஆனால் ஜெர்மனில் ஒரு தொடர் உண்டு: 'இம் ஆவுகெ பெஹால்ட்டன்'. சொல்லுக்குச் சொல் 'கண்ணுக்குள் வைத்துக்கொள்'. பொருள், 'ஒரு கண் வைத்திரு'. அங்கே கண் என்ற சொல்லை வெளிப்படையாகச் சேர்த்தால்தான் பார்வை வருகிறது. ஆங்கிலத்திலோ அந்தக் கண் வினைக்குள்ளேயே கரைந்துவிட்டது.

காப்பதும் பார்ப்பதும் இப்படி ஒன்றுக்கொன்று கைமாறுவது ஐரோப்பாவில் பல முறை நடந்திருக்கிறது. லத்தீனில் 'செர்வாரே' என்றால் காப்பாற்று. அதிலிருந்து வந்த 'அப்சர்வ்' இன்றும் இரண்டு வேலை செய்கிறது. விதியை 'அப்சர்வ்' செய்தால் கடைப்பிடிக்கிறோம். நட்சத்திரத்தை 'அப்சர்வ்' செய்தால் கூர்ந்து பார்க்கிறோம். பிரெஞ்சில் 'கார்டே' என்றால் காவல் செய், 'ரெகார்டே' என்றால் பார். ஆங்கிலத்தின் 'கார்ட்', 'ரிகார்ட்' இரண்டும் அங்கிருந்து வந்தவை. லத்தீனில் 'பார், பாதுகா' என்று இரண்டுமாக இருந்த ஒரு வினைதான் 'டியூட்டர்' என்ற சொல்லுக்கும் 'இன்டியூஷன்' என்ற சொல்லுக்கும் மூலம். 'வாட்ச்' என்பது 'வேக்' என்பதன் சகோதரி: விழித்திருப்பவன் பார்க்கிறான். தமிழில் 'விழி' என்றால் கண்ணும்தான், தூங்காமல் இருப்பதும்தான். இதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

தமிழ் இதே சாலையில் எதிர்த்திசையில் வந்திருக்கிறது. 'கடையைப் பார்த்துக்கோ, வந்துடறேன்' என்று சொல்லிவிட்டுப் போனால், கடையை முறைத்துப் பார்க்கச் சொல்கிறோமா? காக்கச் சொல்கிறோம். 'பார்' என்ற வினையோடு 'கொள்' என்ற துணைவினை சேர்ந்ததும் பார்வை பொறுப்பாக மாறிவிடுகிறது. 'கொள்' என்பதும் எடு, பிடி, உள்ளடக்கு என்று பொருள்படும் வினைதான், கிட்டத்தட்ட 'ஹோல்ட்'. ஆங்கிலேயர் பிடியிலிருந்து புறப்பட்டுப் பார்வைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நாம் பார்வையோடு பிடியைச் சேர்த்துக் காவலுக்கு வந்தோம். 'கண்காணி' இன்னொரு சான்று. இலங்கை, மலேயாத் தோட்டங்களின் வழியே அது 'கங்காணி'யாகி ஆங்கில அகராதிகளிலும் ஏறிவிட்டது. கண்ணால் காண்பவன், ஆனால் வேலையோ ஆட்களைக் கட்டி மேய்ப்பது. கோதிக்காரனின் 'ஹல்டன்' என்ற சொல்லைத் தமிழில் விளக்க இதைவிட நல்ல சொல் கிடைக்காது.

இனி 'பிஹோல்டன்'. 'ஹோல்ட்' என்பதன் பழைய முடிவெச்ச (பாஸ்ட் பார்ட்டிசிபிள்) வடிவம் 'ஹோல்டன்'. பிறகு 'ஹெல்ட்' அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 'பிஹோல்ட்' என்பதிலும் அதே கதை: 'பிஹோல்டன்' போய் 'பிஹெல்ட்' வந்தது. ஆனால் பழைய வடிவம் சாகவில்லை, தனியே ஒதுங்கி ஒரு பெயரடையாகப் பிழைத்துக்கொண்டது. அதன் பொருள் பார்வையின் கிளையிலிருந்து வரவில்லை, பழைய 'பிடி' கிளையிலிருந்து வந்தது. 'பிடித்து வைக்கப்பட்டவர்', அதாவது ஒருவர் செய்த உதவியால் கட்டுண்டவர். நாம் 'கடமைப்பட்டிருக்கிறேன்', 'நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்' என்கிறோமே, அந்தப் 'பட்ட' நிலை. இன்றைய ஆங்கிலத்தில் பெரும்பாலும் அதில் ஒரு கசப்பும் கலந்திருக்கும். 'ஐ டோன்ட் வான்ட் டு பி பிஹோல்டன் டு எனிஒன்' என்றால் 'யார் தயவிலும் இருக்க எனக்கு விருப்பமில்லை' என்ற தொனி. மனமார நன்றி சொல்லும் கடிதத்தில் இதைப் போட்டால் வாசிப்பவருக்கு லேசாக உறுத்தும். அங்கே 'கிரேட்ஃபுல்' என்பதே நல்லது.

மாணவர்கள் வழுக்கி விழும் ஒரு இடம் இங்கே உண்டு. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் 'பிஹோல்டன்' என்று வரவேண்டிய இடத்தில் 'பிஹோல்டிங்' என்று எழுதுவது வழக்கமாக இருந்தது. ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில், மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சியில், ஆன்டனி மேடை ஏறும்போது 'புரூட்டஸின் பொருட்டு உங்களுக்குக் கடமைப்பட்டவன்' என்கிறான். மூலத்தில் இருப்பது 'பிஹோல்டிங் டு யூ'. இதை 'உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்று உரை எழுதினால் அடுத்த வரி புரியாது. அங்கே கூட்டத்தில் ஒருவன் 'புரூட்டஸைப் பற்றி என்ன சொல்கிறான்?' என்று கேட்க, இன்னொருவன் 'நமக்கெல்லாம் கடமைப்பட்டவன் என்கிறான்' என்று இதே சொல்லால் பதில் சொல்கிறான். அடையாளம் எளிது. பின்னால் 'டு' வந்தால் கடமை. நேராகச் செயப்படுபொருள் வந்தால் பார்வை.

பைபிள் பக்கம் வரலாம், ஏனென்றால் தமிழ் வாசகர்கள் பலரும் இந்தச் சொல்லை முதலில் சந்திப்பது அங்கேதான். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் 'பிஹோல்ட்' ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் வருகிறது. அவ்வளவும் 'பார்' என்ற வினை என்று எடுத்துக்கொண்டால் பிழை. பெரும்பாலானவை எபிரேயத்தில் 'ஹின்னே' என்ற இடைச்சொல்லுக்கும், கிரேக்கத்தில் 'இதூ' என்ற சொல்லுக்கும் ஈடாக வைக்கப்பட்டவை. 'ஹின்னே' பார்க்கும் வினையே இல்லை. எதிரே இருப்பதைச் சுட்டிக் காட்டுவது, 'இதோ' என்பது போல. 'இதூ' என்பது 'பார்' என்ற ஏவல் வினையாகப் பிறந்து, தேய்ந்து இடைச்சொல்லாகிவிட்டது. பேச்சுத்தமிழில் 'பாருங்க, நேத்து என்ன ஆச்சுன்னா' என்று தொடங்கும்போது யாரும் எதையும் பார்ப்பதில்லை அல்லவா? யாழ்ப்பாணத்துக் 'கண்டியளோ' இன்னும் நல்ல உதாரணம். பார்க்கும் வினை, கேட்பவரின் காதைத் திருப்பும் கருவியாகிவிடுகிறது. பிரெஞ்சின் 'வுவாலா'வும் 'அங்கே பார்' என்பதன் தேய்வுதான்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. 'இதூ' என்ற கிரேக்கச் சொல்லும் நம் 'இதோ'வும் ஒலியில் இரட்டைப் பிள்ளைகள் போல இருப்பதைப் பார்த்து, ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று கிளம்பிவிட வேண்டாம். கிரேக்கச் சொல் பார்க்கும் வினையிலிருந்து வந்தது. தமிழ்ச் சொல் 'இ' என்ற அண்மைச் சுட்டிலிருந்து வந்தது. பொருளும் ஒலியும் ஒத்துப்போனது வெறும் தற்செயல்.

வினையாக வரும் 'பிஹோல்ட்', இடைச்சொல்லாக வரும் 'பிஹோல்ட்' இரண்டையும் அடுத்தடுத்த வசனங்களில் பார்க்க மத்தேயு 7:3, 4 போதும். மூன்றாம் வசனத்தில் ஆங்கிலம் 'பிஹோல்டெஸ்ட் தௌ' என்கிறது. சகோதரன் கண்ணில் இருக்கும் துரும்பை நீ 'பிஹோல்ட்' செய்வானேன் என்ற கேள்வி. அங்கே செயப்படுபொருள் இருக்கிறது, அது உண்மையான வினை. பரவலாக வாசிக்கப்படும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'துரும்பைப் பார்க்கிறதென்ன?' என்கிறது. நான்காம் வசனத்தில் 'அண்ட், பிஹோல்ட், எ பீம்' என்று இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே தனித்து நிற்கிறது. தமிழில் அங்கே 'இதோ, உன் கண்ணில் உத்திரம் இருக்கையில்' என்று மாறிவிடுகிறது. காற்புள்ளிகளுக்குள் அடைபட்டு நின்றால் 'இதோ'. பொருளை ஏற்று நின்றால் 'பார்' அல்லது 'நோக்கு'. மத்தேயு 6:26இல் ஆகாயத்துப் பறவைகளை 'பிஹோல்ட்' செய்யச் சொல்லும் இடத்தில் தமிழ் 'கவனித்துப் பாருங்கள்' என்று இன்னும் ஒரு படி மேலே போகிறது. அந்தக் 'கவனித்து' மிகப் பொருத்தம். பழைய காவல் பொருளை அது மீட்டுக் கொண்டுவந்துவிடுகிறது.

சில இடங்களில் தமிழ் அதை விட்டே விடுகிறது. ஆதியாகமம் 1:31இல் கடவுள் தாம் படைத்ததையெல்லாம் பார்த்தார், 'அண்ட், பிஹோல்ட்', அது மிகவும் நன்றாயிருந்தது என்று ஆங்கிலம். தமிழில் 'பார்த்தார், அது மிகவும் நன்றாயிருந்தது' என்று நேராகப் போகிறது. குறை சொல்ல மாட்டேன். 'பார்த்தார், இதோ' என்று போட்டால் தமிழ் ஓட்டம் தட்டும்.

யோவான் 19ஆம் அதிகாரத்தில்தான் தமிழ், ஆங்கிலத்தைத் தாண்டி நிற்கிறது. முள்முடி சூட்டிய இயேசுவைப் பிலாத்து மக்கள்முன் நிறுத்தி 'பிஹோல்ட் த மேன்' என்கிறான். ஆங்கிலத்தில் வாசித்தால் 'மனிதனைப் பாருங்கள்' என்று, மனிதன் செயப்படுபொருள் போலத் தோன்றும். கிரேக்கத்திலும், 'எக்கே ஹோமோ' என்ற லத்தீனிலும் 'மனிதன்' எழுவாய் வேற்றுமையில் நிற்கிறான். பார்க்கச் சொல்லும் கட்டளையாக இல்லாமல், முன்னிறுத்திக் காட்டும் தொடராக அது இருக்கிறது. 'இதோ, இந்த மனுஷன்' என்ற தமிழ் அந்த இலக்கணத்தை அப்படியே ஏந்தியிருக்கிறது. இரண்டாம் வேற்றுமை 'ஐ' வரவே இல்லை. சில வசனங்கள் தள்ளி, சிலுவையிலிருந்து தாயிடமும் சீடரிடமும் பேசும் இடத்தில் ஆங்கிலம் மறுபடியும் அதே 'பிஹோல்ட்' போடுகிறது. தமிழிலோ 'அதோ, உன் மகன்', 'அதோ, உன் தாய்'. பேசுகிறவர் மேலே சிலுவையில், அவர்கள் கீழே சற்றுத் தள்ளி. 'பிஹோல்ட்' என்பதற்குள் தூரம் கிடையாது. 'இதோ', 'அதோ' என்று பிரிக்க வேண்டிய தமிழ் மொழிபெயர்ப்பாளர், யார் எங்கே நிற்கிறார்கள் என்று யோசித்தே ஆக வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்திலிருந்து எதை மொழிபெயர்த்தாலும் இந்தச் சொல் வந்ததும் காட்சியை ஒருமுறை மனதில் நிறுத்திப் பாருங்கள்.

இன்றைக்கு இதை எங்கே பயன்படுத்துவது? அன்றாட ஆங்கிலத்தில் எங்குமே வேண்டாம். 'ஐ பிஹெல்ட் மை ஃபோன்' என்று எழுதினால் வாசிப்பவர் சிரிப்பார். பார்க்கப்படுவது கண்ணை நிறுத்தி வைக்கும் அளவுக்குப் பெரிதாகவோ அரிதாகவோ இருக்க வேண்டும்: மலைத்தொடர், எரியும் நகரம், நெடுநாள் கழித்துக் காணும் முகம். வேர்ட்ஸ்வொர்த் 1802இல் எழுதிய சிறு கவிதையில் வானவில்லைக் காணும்போது மனம் துள்ளுவதைச் சொல்ல இந்த வினையைத்தான் எடுத்தார். வயலில் தனியே அறுவடை செய்யும் பெண்ணைப் பற்றிய 1807 கவிதையையும் இதிலேயே தொடங்கினார். பாடப்புத்தகங்களில் பலர் படித்திருப்பார்கள். அங்கே 'பிஹோல்ட் ஹெர்' என்பதை வெறும் 'அவளைப் பார்' என்று பெயர்த்தால் ஏதோ குறைகிறது. 'நின்று பார்' என்பதுதான் உள்ளே இருப்பது. இரண்டு வரி தள்ளி 'நில், அல்லது மெல்லக் கடந்து போ' என்று கவிஞரே சொல்லிவிடுகிறார்.

இலக்கணத்தில் கவனிக்க வேண்டியவை சில. இறந்தகாலமும் முடிவெச்சமும் 'பிஹெல்ட்'. 'பிஹோல்டட்' என்று ஒன்று கிடையாது. 'லுக்' என்பதைப் போல இதற்குப் பின்னால் 'அட்' வராது. 'பிஹோல்ட் அட்' என்பது 'லுக் அட்' பழக்கத்தில் வரும் பிழை. 'அவர் கோபமாக இருப்பதைக் கண்டேன்' என்பதற்கு 'சீ' பொருந்தும், 'பிஹோல்ட் தட்' ஒட்டாது. கண்முன் நிற்கும் பொருளைத்தான் இது ஏற்கும், ஒரு தகவலை ஏற்காது. 'ஐ ஆம் பிஹோல்டிங்' என்ற தொடர்வினை வடிவமும் தவிர்க்க வேண்டியது. ஏற்கெனவே நீடிக்கும் பார்வைக்கு மேலும் நீட்சி தேவைப்படுவதில்லை. உச்சரிப்பில் அழுத்தம் இரண்டாம் அசையில்.

இன்றும் உயிரோடு புழங்கும் தொடர்கள் மூன்று. 'எ சைட் டு பிஹோல்ட்' என்பதற்குத் தமிழில் கையிலேயே விடை இருக்கிறது: கண்கொள்ளாக் காட்சி. இங்கேயும் அதே 'கொள்'! கண்ணுக்குள் அடங்காத, கண்ணால் பிடித்து வைக்க முடியாத காட்சி. ஆங்கிலம் பிடிக்கத் தக்கது என்கிறது, தமிழ் பிடியில் அடங்காதது என்கிறது, புகழ்ச்சி ஒன்றே. கிண்டலாகவும் வரும், தமிழிலும் அப்படித்தான்.

இரண்டாவது 'லோ அண்ட் பிஹோல்ட்'. 'லோ' என்பது பழைய ஆங்கில வியப்பொலி ஒன்றும் 'லுக்' என்பதன் குறுக்கமும் கலந்த சொல். இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் சொற்கள். அடுக்கி வைத்தது பிற்கால வழக்கம். எதிர்பாராத ஒன்று வந்து நிற்கும்போது பாதி கேலியாகச் சொல்வது. 'பார்த்தா, அவனே வந்து நிக்கிறான்' என்பதில் உள்ள 'பார்த்தா' இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். எழுதும்போது 'தாழ்வு' என்று பொருள்படும் 'லோ'வின் எழுத்துகளைப் போட்டுவிடுவது ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களும் செய்யும் பிழை. கடைசி 'டபிள்யூ' தேவையில்லை.

மூன்றாவது, அழகு 'பிஹோல்டர்' கண்ணில் இருக்கிறது என்ற பழமொழி. இந்த வடிவம் பரவியது 1878இல் வந்த, மார்கரெட் வுல்ஃப் ஹங்கர்ஃபோர்ட் என்ற அயர்லாந்து எழுத்தாளரின் 'மாலி பான்' நாவலால் என்பார்கள். 'பிஹோல்டர்' என்ற சொல் இந்தப் பழமொழிக்கு வெளியே இப்போது அபூர்வம்.

அக்கம்பக்கத்துச் சொற்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 'எஸ்பை' என்றால் மறைந்திருப்பதைச் சட்டெனக் கண்டுவிடு. 'டிஸ்க்ரை' என்றால் தொலைவில் மங்கலாகத் தெரிவதை இன்னதென்று தெளி, கப்பல் மேல்தட்டிலிருந்து கரையைக் காண்பது போல. ஒரே எழுத்து குறைந்து 'டிக்ரை' ஆகிவிட்டால் 'வன்மையாகக் கண்டி' என்று பொருள் தலைகீழாகும். இவை இரண்டும் கண்டுபிடிக்கும் வினைகள். கண்டதோடு வேலை முடிந்தது. 'பிஹோல்ட்' அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இன்னொரு பழைய வினை 'ஷேயாவியன்'. அதற்கும் 'பார்' என்றுதான் பொருள், ஜெர்மனின் 'ஷவ்வன்' இன்றும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அது திசை மாறி, பார்க்க வைப்பதாகிவிட்டது: 'ஷோ'.